திருத்தணியில் வளைத்த குழாய்

நம் ஊரில் லாரி வைத்திருப்பவர் என்றால் பாரம் ஏற்றிப் பிழைப்பவர். நான் இப்போது குடியிருக்கும் டெக்சஸ் சிற்றூரில் பல் டாக்டர் ட்ரக் ஓட்டுகிறார், பாட்டு டீச்சர் ட்ரக் ஓட்டுகிறார், எங்கள் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்தும் பெரியவரும் ட்ரக்கில்தான் வந்து இறங்குகிறார். முன்னால் கார் மாதிரி இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. அந்தத் தொட்டியில் ஒரு மூட்டைகூட ஏறியிருக்காது. பால் வாங்க அதில் போவார்கள், முடி வெட்ட அதில் போவார்கள். நான் வந்த புதிதில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் தன் ட்ரக்கின் பானெட்டைத் திறந்துவைத்து நாலு பேருக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பேரக்குழந்தையின் போட்டோவைக் காட்டுகிறவரின் முகம். எட்டிப் பார்த்தேன். எஞ்சினின் இரண்டு பக்கமும் எஃகுக் குழாய்கள் மினுக்கிக்கொண்டு கீழே இறங்கின. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பியதும் எழுந்த சத்தத்தில் என் மனைவி ஷீலா காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். ஊரில் சைலன்சர் ஓட்டையானால் தலை குனிந்துகொண்டு பட்டறைக்கு ஓட்டிப் போவோம். இங்கே அதே சத்தத்துக்காகத் தனியாகச் செலவு செய்கிறார்கள்.

அந்தக் குழாய்களுக்கு ஹெடர் என்று பெயர். எஞ்சினுக்குள் எரிந்த புகை வெளியேறும் முதல் வாசல் அது. கம்பெனியிலிருந்து வரும்போது அந்த இடத்தில் குட்டையான வார்ப்பிரும்புக் கூடு ஒன்று இருக்கும். எல்லா சிலிண்டரின் புகையும் அதற்குள் முட்டி மோதி வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரே நீளத்தில் நீண்ட குழாய் வைத்து, கீழே ஓர் இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், முன்னே போகிற புகை பின்னால் வருகிற புகையை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினுக்கு மூச்சு விடுவது சுலபமாகும், வலு கூடும். இந்த வேலை எனக்குப் புதியதில்லை. ஷீலாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் வருவதற்கு முன்னால், திருத்தணியில் அரக்கோணம் சாலையில் இருந்த பாவாவின் வெல்டிங் பட்டறையில்தான் நான் இருந்தேன். பாவா என்றால் என் அக்காவின் கணவர், ஜெயராஜ். கேட், கிரில், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர், பள்ளிப்பட்டுப் பக்கம் ஓடும் பழைய பஸ்களுக்கு சைலன்சர் என்று எது வந்தாலும் செய்வார். நான் மெக்கானிகல் டிப்ளமோ படித்தவன். படம் வரைவது நான், குழாயை வளைத்துப் பற்றவைப்பது அவர்.

இங்கே வந்து சில மாதங்கள் வீட்டில் சும்மா இருந்த பிறகு டேல் என்பவரின் கடையில் சேர்ந்தேன். ட்ரக்குகளுக்கு வலு ஏற்றிக் கொடுக்கும் கடை. டேல் ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த கழுத்து, எப்போதும் வாயில் சூயிங் கம். சாம் என்ற என் பெயரை விட்டுவிட்டு முதல் நாளே என்னை பிரதர் என்று கூப்பிட்டார். நம் சர்ச்சில் ஒருவரை பிரதர் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம். பார்சல் கொண்டுவரும் ஆளையும் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பதைக் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆனது. வேறு சொற்களும் என்னை ஏமாற்றின. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், இது ஆஃப்-ரோடு வண்டிதான் என்று கண்ணடித்துச் சொன்னார். நான் அக்கறையாக, தோட்டம் எந்தப் பக்கம், மண் பாதையில் கல் அடிக்குமே, குழாய்க்குக் கீழே தகடு வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் டேலைப் பார்த்தார், டேல் என்னைப் பார்த்தார், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புகையைச் சுத்தம் செய்யும் பெட்டியைக் கழற்றிய வண்டி தார் சாலையில் ஓடக் கூடாது. அதனால் சட்டத்திடம் சொல்வதற்கு அப்படி ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்களாம்.

எந்த ஹெடர் வாங்கலாம் என்றுதான் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பார்கள். அதற்காக டேல் ஒரே ட்ரக்கில் ஒன்றை மாட்டி, கழற்றி, அடுத்ததை மாட்டி, சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோ எந்திரத்தில் ஏற்றி, அதை வீடியோவாகவும் போடுவார். மாட்டிக் கழற்றும் வேலை என்னுடையது. எதை மாட்டினாலும் ஓர் இடத்தில் உயிர் போகும். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். அதன் தண்டு இறங்கும் இடத்திலேயே கடைசி சிலிண்டரின் குழாயும் இறங்க வேண்டும். சில ஹெடர்களுக்கு எஞ்சினையே கொஞ்சம் தூக்கினால்தான் வழி கிடைக்கும். சிலவற்றில் குழாய் ஸ்பார்க் பிளக்கை உரசிக்கொண்டு போய் வயரைப் பொசுக்கிவிடும். அந்த ஒரு குழாயை முன்பக்கமாகக் கொண்டுவந்து, பக்கத்துக் குழாய்க்கு அடியில் நுழைத்துப் பின்னால் திருப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வீட்டு கராஜில் ஒரு வருஷத்துக்கு மேல் அதையே வரைந்தேன். நீளம் சரியாக வந்தால் வளைவு இடிக்கும், வளைவு சரியாக வந்தால் நீளம் தப்பும். தூக்கத்தில்கூடக் கையை வளைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஷீலா சொன்னாள்.

ஆடி மாதத்தில் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனபோது அந்தப் படங்களோடு போனேன். திருத்தணியில் அந்த எஞ்சின் ஏது? பிளைவுட்டில் எஞ்சினின் ஒரு பக்கத்தை அளவு மாறாமல் செய்து, பி.வி.சி. பைப்பை ஸ்டியரிங் தண்டாக வைத்துப் பட்டறையின் நடுவில் தொங்கவிட்டோம். கிருத்திகைக் கூட்டம் அரோகரா என்று சாலையை அடைத்துக்கொண்டு போயிற்று. மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் காவடியைத் தோளில் வைத்தபடியே நின்று, இது என்ன சாமி என்று கேட்டுவிட்டுப் போனார். பாவா குழாய்க்குள் மணல் நிரப்பி, சூடேற்றி, நான் வரைந்த கோட்டுக்கு ஒரு நூல் விலகாமல் வளைத்தார். ஆர்கான் வெல்டிங்கில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பற்றும் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு சுழி விழும். அழகுக்குச் செய்வதில்லை, கை அப்படித்தான் போகும். கடைசிக் குழாய் எதையும் தொடாமல் அந்த பைப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியபோது இருவரும் அதையே பார்த்து நின்றுவிட்டோம். அக்கா மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். பள்ளி விட்டு வந்து எங்கள் இருவரையும் பார்த்தவள், இன்னா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க ரெண்டு பேரும், என்றாள்.

சிக்கலில்லாத மறுபக்கத்துக்கும் ஒன்று செய்து, அந்த ஜோடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தேன். ஏர்போர்ட்டில் பிரித்துப் பார்த்த அதிகாரிக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. என்ன ட்ரக் வைத்திருக்கிறீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். டேல் அதை ஒரு சனிக்கிழமை மாட்டிப் பார்த்தார். எஞ்சினைத் தூக்காமலே உள்ளே போயிற்று. பிளக் ஸ்பேனர் தாராளமாகத் திரும்பியது. டைனோவில் வலுவைக் காட்டும் கோடு கீழ் வேகத்திலிருந்தே திடமாக எழுந்தது. டேல் என் தோளில் கையைப் போட்டு, இதை நாம் சேர்ந்தே செய்யலாம் பிரதர் என்றார். பற்றவைத்த கைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பாவாவின் எண்ணைக் கேட்டார். நான்தான் கொடுத்தேன். முதல் வீடியோ காலில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தவனும் நான்தான். பாவாவுக்குத் தமிழும் தெலுங்கும் சரளம். ஆங்கிலத்தில் தேங்க் யூவைத் தாண்ட மாட்டார். அன்று நான் இருந்த சந்தோஷத்தில், இரண்டு ஊரையும் என் கையாலேயே ஒன்றாகப் பற்றவைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு டேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டால், இப்போது சீசன், பார்க்கலாம் என்பார். பாவாவும் போனில் அகப்படுவதில்லை. அக்கா மட்டும் வழக்கம்போல ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் மாலையில், எங்கள் காலையில் கூப்பிடுவாள். என்ன சமைத்தீர்கள், ஷீலாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். பின்னால் கட்டிங் மெஷின் இரையும். ஞாயிற்றுக்கிழமைகூடவா பட்டறை ஓடுகிறது, பாவா ஓய்வுநாளில் விளக்கைக்கூடப் போடமாட்டாரே என்று ஒரு முறை கேட்டேன். ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட் அவசரமாகக் கேட்கிறார்கள் என்றாள். இன்னொரு முறையும் கேட் என்றாள். திருத்தணியில் அத்தனை கேட்டுக்குச் சுவர் இருக்கிறதா என்று நான் கேலி செய்ததும் அவள் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் புதிய ஒப்பீட்டுக்காக மூன்று பெட்டிகள் வந்தன. பிரிக்கச் சொல்லிவிட்டு டேல் வெளியே போயிருந்தார். முதல் பெட்டியில் இந்த நாட்டிலேயே செய்த தடித்த ஸ்டெயின்லெஸ் ஹெடர்; அகலக் குழாய்கள், பார்க்க நகை மாதிரி. இரண்டாவதில் மேல்பூச்சு பூசிய சாதா இரும்பு. மூன்றாவது பெட்டியின்மேல் எங்கள் கடையின் பெயரே அச்சாகியிருந்தது. திறந்தேன். குழாய்களுக்கு நடுவே உரசாமல் இருக்கத் துணி அடைத்திருந்தது. இழுத்தேன். கட்டம் போட்ட லுங்கித் துண்டுகள்; எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆர்.கே.பேட்டைத் தறிகளில் ஓரம் வெட்டிப் போடுவார்களே, அது. கை நின்றுவிட்டது. பிறகு கடைசிக் குழாயைப் பார்த்தேன். முன்னே வந்து, அடுத்ததற்கு அடியில் நுழைந்து, பின்னால் திரும்பியது. ஒவ்வொரு பற்றிலும் சின்னச் சுழி. துணியை முகத்தருகே கொண்டுபோனேன். தறியில் பாவுக்குப் போடும் கஞ்சியின் வாடை. கப்பலில் இத்தனை நாள் வந்தும் போகவில்லை.

டேல் திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் முகத்தில் திருட்டுக் களை எதுவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன், உன் குடும்பம்தானே, நீங்கள் பேசிக்கொள்ள மாட்டீர்களா என்றார். வளைவு என்னுடையது என்றேன். வளைவுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, உனக்கு இங்கே எப்போதும் வேலை இருக்கிறது பிரதர், என்றார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து அவரே சேர்த்துச் சொன்னார்:

"உன் அக்கா ரொம்பத் தங்கமானவர். அவருடைய ஆங்கிலம் உன்னுடையதைவிடத் தெளிவு. அவர் இல்லாவிட்டால் இந்த வேலையே நடந்திருக்காது."

நான் அதுவரை அக்காவை நினைக்கவே இல்லை. பாவா தானே ஏதோ பேசிச் சமாளித்திருப்பார் என்றுதான் மனம் போயிருந்தது. கடைக்குப் பின்னால் போய்ப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். பாவா எனக்குத் தெரியாமல் செய்தது ஒரு பக்கம். என் படங்களைப் பற்றி டேலும் பாவாவும் பேசிய ஒவ்வொரு பேச்சையும் என் அக்கா தன் வாயால் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஷீலாவின் முதுகுவலியை விசாரித்திருக்கிறாள்.

ஒப்பீட்டைச் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஷீலா அப்படித்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் போனேன். அகலக் குழாய் ஹெடரை மாட்ட எஞ்சினைத் தூக்க வேண்டியிருந்தது. மேல் வேகத்தில் அதுதான் ராஜா, ஆனால் பாரம் இழுக்கும் கீழ் வேகத்தில் சோர்ந்தது. பூச்சு ஹெடர் சிக்கலில்லாமல் மாட்டியது. எஞ்சின் சூடானதும் எஞ்சினோடு ஒட்டும் அதன் மெல்லிய ஃபிளான்ஜ் தகடு நெளிந்து, இடையில் வைக்கும் கேஸ்கட் வழியே புகை சீறியது. மூன்றாவதாக என் ஹெடர். போல்ட்டை முறுக்கும்போது கெட்ட எண்ணம் வந்தது. ஒன்றே ஒன்றைத் தளரவிட்டால் போதும், இதுவும் சீறும். வீடியோவில் எல்லோரும் பார்ப்பார்கள். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு எல்லா போல்ட்டையும் அதனதன் அளவுக்கு முறுக்கினேன். நல்லவன் என்பதால் இல்லை. அந்தக் கடைசிக் குழாயைக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். தினசரி ஓட்டவும் பாரம் இழுக்கவும் மூன்றாவதே சிறந்தது என்று எழுதிக் கொடுத்தேன். உலோகத்தின் தடிமனில் முதலாவது ஒருபடி மேல் என்பதையும் எழுதினேன். டேல் கேமராவைப் பார்த்து, இதை இந்தியாவில் உள்ள எங்கள் பங்குதாரர் வடிவமைத்தார் என்றார். அந்த மாதம் முடிந்ததும் வேலையை விட்டேன்.

டிசம்பரில் ஊருக்குப் போனேன். ஷீலாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டாள். பட்டறை இருந்த இடத்தில் நீலத் தகடு போட்ட பெரிய ஷெட் நின்றது. பைப் வளைக்கும் எந்திரம் வந்திருந்தது. மணலும் அடுப்பும் போய்விட்டன. நான் செய்த பிளைவுட் எஞ்சின் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரங்கள் தேய்ந்து கறுத்திருந்தன. பாவா என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மறைக்க முயலவில்லை. டேல் நேராகக் கூப்பிட்டதாகவும், சாமிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவர்தான் சொன்னதாகவும், நான் ஒன்றும் கேட்காததால் எனக்குத் தெரிந்து ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். அங்கே டேல் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. இருவரில் யார் சொல்வது பொய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட் வேலை என்று அக்கா சொன்னாளே பாவா, அதை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். அவர் பிளைவுட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ படம் போட்ட, இல்லன்னு சொல்லல சாமு. ஆனா நீ அங்க போயிட்ட. இங்க நின்னுகினு பைப்பு வளைச்சவன் நான். உன்ன நடுவுல வச்சிகினா, கடைசி வரிக்கும் நான் உன் கூலி ஆளு. உனக்கு அங்க ஒரு ஊர் கீது. எனக்கு இது ஒண்ணுதான்."

பங்கு தருகிறேன் என்றும் சொன்னார். உள்ளபடியேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றேன்.

அக்கா வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று தெரிந்த முகம். வடித்த கஞ்சியை ஓரமாக நகர்த்திவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"நானா ஒண்ணும் சொல்லலடா. அவர் சொன்னத இவருக்கு சொன்னேன், இவர் சொன்னத அவருக்கு சொன்னேன். மாத்தி மாத்தி சொன்னதுதான் என் வேலை."

"எனக்குச் சொல்றதுக்கு மட்டும் உங்கிட்ட பாஷை இல்லையாக்கா?"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். கல்யாணம் ஆன நாளாக அவர் ஒருத்தர் முன்னாலயும் நிமிர்ந்து நின்னு நான் பார்த்ததில்ல சாமு, என்று மட்டும் சொன்னாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எனக்கும் வரவில்லை. இலை போட்டாள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போக வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன், ஆனால் அந்த வீட்டில் எனக்கு அது செய்யத் தெரியவில்லை.  

இதைப் படிக்கிற புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலருக்கு இது நடந்திருக்கும். குழாயாக இல்லாவிட்டால் நிலமாக, வீடாக. விட்டுவிட்டு வந்தவனுக்கு அங்கே இனி எதுவும் வேண்டியிருக்காது என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. வந்து சேர்ந்தவனுக்கு வேலை கொடுத்ததே போதும் என்று இந்த ஊர் நினைக்கிறது. இப்போது நான் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் டெப்போவில் இருக்கிறேன். சைலன்சர் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. அக்கா இன்னும் ஞாயிறுகளில் கூப்பிடுகிறாள். சில வாரம் எடுக்கிறேன். எடுத்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம்.

அந்தப் பயணத்தின் கடைசிக் காலையில், எங்கே போவதென்று தெரியாமல், மலைக்கு ஏறும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை. மேலே இறங்கி, கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. ரயில் பாதை, சர்ச்சின் கோபுரம், அதைத் தாண்டிப் பாவாவின் நீல ஷெட். அதன் வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றது. எறும்பளவு ஆட்கள் பெட்டிகளைத் தூக்கி வைத்தார்கள். ஓரமாக நின்று கை காட்டிக்கொண்டிருந்தவர் பாவாவாக இருக்க வேண்டும். கதவைச் சாத்தினார்கள். லாரி மெதுவாகத் திரும்பிச் சாலைக்கு வந்தது. அது சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் ஹூஸ்டன். அங்கிருந்து, நான் குடியிருக்கும் தெருவைத் தாண்டித்தான் டேலின் கடைக்குப் போக வேண்டும். நானும் அன்று மாலை அதே சாலையில் சென்னைக்குக் கிளம்ப வேண்டியவன். என் ஊரிலிருந்து என் ஊருக்குப் போகிற அந்த லாரி, பஸ்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியாகி, திருப்பத்தில் மறையும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ ஒருவர், இந்தப் பக்கம் ஏறணுமா இறங்கணுமா சார் என்று தெலுங்கில் கேட்டார். திரும்பினேன். ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் மாறி மாறிப் பார்த்தேன்.